பெட்டிக்குள்ளே எழுத்து இருக்கு!

போன சீசனில் நடந்த ஒரு விஷயத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஐந்தருவி போகிற ரோட்டில் என் அத்தை பழக்கடை போட்டிருக்கிறார். சாரல் அடிக்கிற மூணு மாசமும் ரம்புட்டான், மங்குஸ்தான், கொய்யா என்று வியாபாரம் நடக்கும். சனி, ஞாயிறு வந்தால் நான் தென்காசியில் பஸ் ஏறிப் போய் கூடமாட ஒத்தாசை பண்ணுவேன். அத்தையிடம் இருப்பது ஒரு பட்டன் போன். துபாயில் வேலை பார்க்கும் மாமா லீவுக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்தது. சார்ஜ் நாலு நாள் நிற்கும், கீழே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. அத்தைக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் மலை மேலே இருட்டிக்கொண்டு வந்தது. அருவியில் குளித்துக்கொண்டு இருந்தவர்களை விசில் ஊதி வெளியே வரச் சொன்னார்கள். ரோடு பூராவும் ஈரத் துண்டோடு கூட்டம். என் போனை எடுத்துப் பார்த்தால், மத்தியானமே தமிழில் கனமழை எச்சரிக்கை மெசேஜ் வந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

"அத்தை, உங்களுக்கு மெசேஜ் வரலியா?"

"எய்யா, மத்தியானம் ஏதோ வந்துச்சு. பூரா பெட்டி பெட்டியா இருந்துச்சு. விளம்பரம்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

அப்போதுதான் ரெண்டு பேருக்கும் உறைத்தது: எட்டாவது படிக்கும் அத்தை பையன், ஃப்ரெண்ட்ஸோட அருவிப் பக்கம் போனவன் இன்னும் வரவில்லை. அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு பஜ்ஜிக் கடை ஓரமாக நனைந்த துண்டோடு நின்றுகொண்டு இருந்தான். அவனுக்கு ஒண்ணும் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் அத்தை முகத்தை நான் பார்த்தேன்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை நம்ம ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கும் போனில் வரும் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எச்சரிக்கை என்ற வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன எடை என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த ராத்திரி எனக்கு ஒரே கேள்விதான். செய்தி வந்திருக்கிறது, டவர் இருந்திருக்கிறது, பேட்டரி இருந்திருக்கிறது. பிறகு ஏன் பெட்டி? தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

போனுக்குத் தெரிந்தது எண் மட்டும்தான்

நமக்கு 'தென்காசி' என்றால் நாலு எழுத்து: தெ, ன், கா, சி. போனுக்கு அது எட்டு எண்கள். 2980, 3014, 2985, 3021, 2965, 3006, 2970, 3007. இதில் 2980 என்பது 'த'. 3014 என்பது ஒற்றைக் கொம்பு. 3021 புள்ளி. நம்பிக்கை இல்லையென்றால் லேபில் பைத்தான் திறந்து 'தென்காசி'க்கு நீளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்க. எட்டு என்றுதான் சொல்லும்.

இந்த எண்களைக் கொடுத்தது யூனிகோடு. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2944 முதல் 3071 வரை உள்ள 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை. 247 எழுத்துக்கு 128 இடம் எப்படிப் போதும் என்று கேட்கலாம். உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம், புள்ளி, பிறகு கால், கொம்பு, சுழி போன்ற குறிகள், சில கிரந்த எழுத்துகள், தமிழ் எண்கள். இவ்வளவுதான் உள்ளே இருக்கிறது. உயிர்மெய் 216-இல் அகரமேறிய 18 போக மீதி எல்லாம் இரண்டு எண்கள் சேர்ந்து உருவாகின்றன.

இதற்கு முன்னால் ஒரு பெரிய கூத்தே நடந்திருக்கிறது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஒவ்வொரு எண் வரிசை வைத்திருந்தார்கள். ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலை இன்னொருவர் படிக்க, அதே எழுத்துரு வேண்டும். திஸ்கி என்று ஒரு ஏற்பாடு, டாப், டாம் என்று 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற இன்னொரு ஏற்பாடு. கடைசியில் 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடே தரம் என்று அரசு ஆணை வந்தது. அதனால்தான் இன்று சிங்கப்பூரில் ஒருவர் அடிக்கும் 'வணக்கம்' செங்கோட்டையில் அதே வணக்கமாக வந்து சேருகிறது.

ஆக, ஒரு தமிழ்ச் செய்தி நம்ம கண்ணுக்குத் தெரிய மூணு காரியம் நடக்க வேண்டும். ஒண்ணு, எண்கள் சிதையாமல் வந்து சேர வேண்டும். ரெண்டு, அந்த எண்களுக்கான உருவங்கள் போனில் உள்ள எழுத்துருவில் இருக்க வேண்டும். மூணு, உருவங்களைச் சரியான வரிசையில், சரியான வடிவில் கோர்க்க ஒரு மென்பொருள் வேண்டும். இந்த மூணில் எது இல்லை என்பதைத் திரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

நாலு விதமான கோளாறு

முதலாவது, பெட்டி. எண் சரியாக வந்துவிட்டது, அதற்கான உருவம் எழுத்துருவில் இல்லை என்று அர்த்தம். அத்தை போனில் நடந்தது இதுதான். வளைகுடா நாட்டில் விற்பதற்காக வந்த போனில் ஆங்கிலம், அரபு எழுத்துருக்களைப் போட்டிருப்பார்கள், தமிழ் இருக்காது. நல்லாக் கவனிங்க: இங்கே செய்தி தொலைந்து போகவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் அதன் எண் பத்திரமாக இருக்கிறது. அந்த மெசேஜை அப்படியே தமிழ் தெரியும் இன்னொரு போனுக்கு ஃபார்வர்டு செய்தால் பெரும்பாலும் முழுசாகப் படித்துவிடலாம்.

இரண்டாவது, கேள்விக்குறி. இது வேற ரகம். செய்தி வரும் வழியில் எங்கேயோ ஒரு சர்வரோ டேட்டாபேஸோ தமிழ் எண்ணை வைக்க இடம் இல்லாமல், அதை எடுத்துவிட்டுக் கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. எந்த எழுத்துரு போட்டாலும் அது திரும்ப வராது. அனுப்பியவரிடம்தான் மறுபடி கேட்க வேண்டும். மினி ப்ராஜெக்டில் தமிழ்ப் பெயர்களைச் சேமித்துவிட்டு மறுநாள் வெறும் கேள்விக்குறியைப் பார்த்தவர்கள் நம்ம கிளாஸிலேயே இருக்கிறார்கள். டேட்டாபேஸை உருவாக்கும்போதே எழுத்துத் தொகுதியை யூனிகோடாக வைக்காததன் பலன் அது.

மூன்றாவது, கிறுக்கல். எண்கள் வந்துவிட்டன, ஆனால் தப்பான அட்டவணையை வைத்துப் படிக்கப்படுகின்றன. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். தென்காசிக்கு 24 பைட். ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துப் படித்தால், தலையில் கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' குறியும் மாறி மாறி வரும். பார்த்திருப்பீங்க. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பில் இருந்து காப்பி செய்தால் ஆங்கிலக் குப்பையாக வருவதும் இந்தக் குடும்பம்தான். இதைத் திருப்பிச் சரி செய்ய முடியும். எந்த அட்டவணையில் எழுதப்பட்டது என்று தெரிந்தால், மாற்றி மென்பொருள் போதும்.

நான்காவது, உடைசல். எல்லா எழுத்தும் இருக்கும், ஆனால் கொம்பு தப்பான பக்கம் நிற்கும், இல்லையென்றால் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு தனியாகத் தொங்கும். காரணம் இதுதான்: 'தெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. எண் வரிசையிலோ 'த' முதலில், கொம்பு பின்னால். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. 'கு', 'சு', 'டு', 'மு' ஒவ்வொன்றுக்கும் உகரம் ஒவ்வொரு வடிவம். இதையெல்லாம் கோர்த்துக் கொடுக்கும் மென்பொருள் இல்லாவிட்டால் எழுத்துரு இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகம். சிம்போசியத்துக்குப் பைத்தானில் சான்றிதழ் அச்சடித்தபோது தமிழ்ப் பெயர் எல்லாம் உடைந்து வந்ததே, ஞாபகம் இருக்கா? பில்லோ நூலகத்தின் சாதாரண முறையில் கோர்ப்பு கிடையாது. ராக்ம் என்ற துணை நூலகம் சேர்ந்தால்தான் அது ஹார்ஃப்பஸிடம் வேலையைக் கொடுக்கும்.

ஜப்பான்காரர்களுக்கும் இதே தலைவலி

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். என் ஹாஸ்டல் ரூம்மேட் ஜப்பானிய மொழி என்5 தேர்வுக்குப் படிக்கிறான். அவன்தான் சொன்னான், இந்தக் கோளாறுகளுக்கு ஜப்பானியத்தில் பெயரே உண்டு என்று.

கிறுக்கலுக்கு 'மோஜிபாகே' என்று பெயர். எழுத்து உருமாறிப் போவது என்று பொருள். ஷிஃப்ட் ஜிஸ், இயூசி, யூனிகோடு என்று அவர்களிடமும் பல அட்டவணைகள் இருந்ததால் இந்த வார்த்தை அன்றாடப் பேச்சிலேயே சேர்ந்துவிட்டது. உருவம் இல்லாத வெள்ளைப் பெட்டியை 'டோஃபு' என்று சொல்வார்கள், சோயா பால்கட்டி மாதிரி இருப்பதால். கூகுள் வெளியிட்ட 'நோட்டோ' எழுத்துருக் குடும்பத்தின் பெயரே டோஃபு இல்லை என்ற அர்த்தத்தில் வைத்ததுதான். இன்று பல ஆண்ட்ராய்டு போன்களில் நாம் படிக்கும் தமிழும் அந்தக் குடும்பத்து எழுத்துருதான்.

ஆனால் அவர்கள் சிக்கலும் நம்ம சிக்கலும் ஒன்றல்ல. ஜப்பானியத்துக்கு மூன்று வகை எழுத்து: ஹிரகானா, கதகானா, கான்ஜி. முதல் இரண்டும் ஒலி எழுத்துகள், அடிப்படையில் 46 வீதம். கான்ஜி சீனத்தில் இருந்து வந்த சொல்லெழுத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அந்நாட்டு அரசு வைத்திருக்கும் பட்டியலில் மட்டும் 2136 கான்ஜி. பழைய ஜிஸ் தர அட்டவணையில் கான்ஜி 6355. ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் வரைந்து எழுத்துருவில் வைக்க வேண்டும். மேலை நாடுகளுக்காகச் செய்த பழைய போன்களில் இவ்வளவுக்கும் நினைவகம் இல்லை, பெட்டிதான் வந்தது. ஆனால் உருவம் இருந்துவிட்டால் பிறகு சுலபம். ஒன்றை அடுத்து ஒன்றாக வைத்துக்கொண்டே போகலாம், கொம்பை முன்னால் தள்ளும் வேலை எல்லாம் கிடையாது.

தமிழ் இதற்கு நேர் எதிர். எழுத்துரு சின்னது, நினைவகம் பெரிசா வேண்டாம். கோர்ப்புதான் கஷ்டம். 2010 வாக்கில் நம்ம சீனியர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஓப்பரா மினி பிரவுசரின் முகவரிப் பெட்டியில் ஓப்பரா கன்ஃபிக் என்று அடித்து, சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவம் பயன்படுத்து என்ற வரியில் ஆம் என்று மாற்றிவிடுவார்கள். உடனே தமிழ்ப் பக்கங்களை அந்த நிறுவனத்தின் சர்வரே கோர்த்து, படமாக ஆக்கி அனுப்பிவிடும். போனில் தமிழ் எழுத்துருவே இல்லாமல் தமிழ் படித்த தலைமுறை அது. ஆண்ட்ராய்டு 4 வரிசை வந்த பிறகுதான் இந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போனது.

ரூம்மேட்டுக்கு வந்த ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், ஜப்பானியம் படிக்கிறவர்களுக்கு உதவும். எலும்பு என்று பொருள்படும் கான்ஜியைப் போனைப் பார்த்து நோட்டில் எழுதினான். சென்செய் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். காரணம், யூனிகோடில் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் அந்த எழுத்துக்கு ஒரே எண். ஆனால் உள்ளே இருக்கும் சின்ன மூலை சீன வடிவத்தில் இடப் பக்கம், ஜப்பானிய வடிவத்தில் வலப் பக்கம். கோடுகளின் எண்ணிக்கையே 9, 10 என்று மாறும். போனுக்கு நாம் ஜப்பானியம் படிப்பது தெரியாததால் சீன வடிவத்தைக் காட்டிவிட்டது. தீர்வு ஒரு நிமிஷ வேலை. செட்டிங்ஸில் மொழிகள் பட்டியலுக்குப் போய், தமிழ், ஆங்கிலத்துக்குக் கீழே ஜப்பானியத்தையும் சேர்த்துவிடுங்க. போனின் மொழி மாறாது, கான்ஜி மட்டும் ஜப்பானிய வடிவத்துக்கு மாறும்.

இது விசித்திரமாகத் தெரிந்தால் 'குற்றாலம்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்க. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் 'றா' என்பது இன்றைப் போலத் தனிக் காலோடு அச்சாகவில்லை. ஒரே சேர்ந்த வடிவமாக இருந்தது. எண் அதேதான், பழைய பாணி எழுத்துருவைப் போட்டால் இன்றைக்கும் அந்த வடிவம் வரும்.

படிப்பது ஒரு வேலை, அடிப்பது வேறு வேலை

திரையில் தெரிவதால் மட்டும் தட்டச்சு செய்துவிட முடியாது. நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. எழுத்துரு இருந்தால் படிக்கலாம். அடிக்க, நம்ம விரல் அசைவை எண்ணாக மாற்றும் விசைப்பலகை தனியாக வேண்டும்.

தமிழுக்கு இரண்டு பெரிய வழிகள். ஒன்று, ஒலிபெயர்ப்பு: ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் வரும். நம்மில் பாதிப் பேர் இதைத்தான் பயன்படுத்துகிறோம். இன்னொன்று தமிழ் 99. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த அரசுத் தர விசைப்பலகை. உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'குற்றாலம்' அடிக்க க, உ, ற, ற, ஆ, ல, ம, புள்ளி. எட்டுத் தட்டு. 'ற'வை இரண்டு தடவை அடித்தால் முதல் 'ற'வுக்குப் புள்ளி தானாக விழும், அதைத் தனியாக அடிக்க வேண்டாம். ரெண்டு வாரம் பழகினால் கை தானாகப் போகும். ஐபோனில் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இந்தச் செல்லினம், பட்டன் போன் காலமான 2005-இல், பொங்கலை ஒட்டி சிங்கப்பூரில் அறிமுகமானது. இப்போதுள்ள டச் போன்கள் அப்போது கிடையாது.

ஜப்பானியத்தில் அடிப்பது இரண்டு கட்ட வேலை. முதலில் ஒலியை ஹிரகானாவில் அடிக்க வேண்டும். பிறகு போன் காட்டும் பட்டியலில் சரியான கான்ஜியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஹஷி' என்று அடித்தால் பாலம், சாப்பிடும் குச்சி, ஓரம் என்று மூன்றுக்கும் தனித்தனி கான்ஜி வந்து நிற்கும். எது வேண்டும் என்பது அடிப்பவருக்குத்தான் தெரியும்.

ஒலியை அடிக்க ஜப்பானிய இளைஞர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 12 கட்டங்கள் கொண்ட பலகை. 'க' கட்டத்தைத் தொட்டால் க. தொட்டு இடது பக்கம் தள்ளினால் கி, மேலே தள்ளினால் கு, வலது பக்கம் கெ, கீழே கொ. அடுத்த கட்டங்களும் அப்படியே. அ, இ, உ, எ, ஒ என்று உயிர் வரிசை. க, ச, த, ந என்று மெய் வரிசை. நம்ம அரிச்சுவடி மாதிரியே இருக்கே என்று தோணுதா? தற்செயல் இல்லை. புத்த மதத்தோடு ஜப்பானுக்குப் போன சமஸ்கிருத எழுத்து வரிசையின் தாக்கத்தில் உருவான அடுக்கு அது. அதனால் ஆங்கில எழுத்து வழியாக ஜப்பானியம் அடிக்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை: ஜிபோர்டில் ஜப்பானியத்தைச் சேர்த்து 12 கட்டப் பலகையைத் தேர்ந்தெடுங்க. தமிழ் தெரிந்தவனுக்கு அது ஒரு நாளில் பிடிபடும். ரூம்மேட் ஒரே ராத்திரியில் பழகிவிட்டான்.

70 எழுத்துக் கணக்கு

இனி எஸ்எம்எஸ் விஷயம். வாட்ஸ்அப் இருக்கும்போது எஸ்எம்எஸ் எதற்கு என்று கேட்காதீங்க. அத்தை மாதிரி பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை, வங்கித் தகவல், ரேஷன் தகவல் எல்லாம் அதில்தான் வருகிறது.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து கிடைக்கும். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 16 பிட். 70-தான். செய்தி நீண்டு பல துண்டானால், ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் வரிசைத் தகவலுக்குப் போய்விடும், 67-தான் மிச்சம்.

'பழைய குற்றாலம் அருவியில் குளிக்கத் தடை' என்று ஒரு வரி எழுதினால் நாம் எண்ணுவது 20 எழுத்து, 4 இடைவெளி. போன் எண்ணுவது 38. ஒரே வரியில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. எத்தனை மணி வரை, எந்தெந்த அருவி, யாரைத் தொடர்புகொள்வது என்று சேர்த்தால் மூணு துண்டு ஆகிவிடும். துண்டுகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாத பழைய போனில் அவை முன்பின்னாகவும் வரலாம். இந்திய மொழிகளை 7 பிட்டில் அனுப்ப ஒரு அட்டவணை மொபைல் தரநிலையிலேயே இருக்கிறது, தமிழும் அதில் உண்டு. ஆனால் அனுப்பும் பக்கம், பெறும் பக்கம் ரெண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் நீங்க என்எஸ்எஸ் கேம்புக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும் பொறுப்பில் இருந்தால், முக்கியமான வார்த்தையை முதலில் வையுங்க. 'அன்பார்ந்த பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்வது' என்று ஆரம்பித்தால் அந்தத் துண்டு மரியாதைக்கே போய்விடும். 'குளிக்கத் தடை' முதலில் வரட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 அக்டோபரில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒரு ஆணை வெளியிட்டது. இந்தியாவில் விற்கும் எல்லா மொபைல் போன்களிலும் 22 அட்டவணை மொழிகளையும் படிக்க முடிய வேண்டும். தட்டச்சுக்கு ஆங்கிலம், ஹிந்தி, கூடவே இன்னொரு இந்திய மொழியாவது இருக்க வேண்டும். ஐஎஸ் 16333, பகுதி 3 என்பது அதற்கான தரம். பட்டன் போனுக்கும் இது பொருந்தும்.

இதில் ரெண்டு விஷயம் கவனிக்கணும். படிக்கத் தமிழ் கட்டாயம், ஆனால் அடிக்கத் தமிழ் கட்டாயம் இல்லை. அந்த 'இன்னொரு மொழி' தமிழாக இல்லாமலும் போகலாம். இன்னொன்று, இது இங்கே விற்கும் போன்களுக்குத்தான். அந்த ஆணைக்கு முன்னால் வாங்கியது, வெளிநாட்டில் இருந்து பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தது எல்லாம் இதற்குள் வராது. கடையநல்லூர், புளியங்குடி, செங்கோட்டை, தென்காசி என்று நம்ம பக்கத்தில் வளைகுடாவுக்குப் போகாத குடும்பம் குறைவு. அலமாரியில் துபாய் போன் இல்லாத வீடும் குறைவு. அந்தப் போன்கள்தான் நம்ம ஆச்சி, தாத்தா, அத்தை கைக்குப் போகின்றன.

இந்த வாரம் ஊருக்குப் போகும்போது

படித்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீங்க. பத்து நிமிஷ வேலைதான்.

வீட்டில் பெரியவங்க வைத்திருக்கும் ஒவ்வொரு போனுக்கும் 'தென்காசி, குற்றாலம், கொக்கு, மௌனம்' என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்க. இந்த நாலு வார்த்தையில் முன் கொம்பு, இரண்டு பக்கக் குறி, உகரம், புள்ளி எல்லாம் வந்துவிடும். சரியாகத் தெரிந்தால் கவலை இல்லை. உடைந்து தெரிந்தால், டச் போனாக இருக்கும் பட்சத்தில் அப்டேட் பண்ணிப் பாருங்க.

பெட்டி வந்தால், பட்டன் போனில் நாமாக எழுத்துரு ஏற்ற வழி இருக்காது. மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்க. இல்லையென்றால் அடுத்த தடவை போன் மாற்றும்போது, இங்கே விற்கும் ஒன்றை வாங்குங்க. கடையிலேயே சிம்மைப் போட்டு, அந்த நாலு வார்த்தையை அனுப்பிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்க. கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதுவரைக்கும் அவங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லி வையுங்க: பெட்டி பெட்டியாக வந்தால் அழிக்க வேண்டாம். அதை ஃபார்வர்டு செய்வது எப்படி என்று காட்டிக் கொடுங்க. அழைக்க ஒரு நம்பரும் கொடுங்க.

நான் அத்தைக்கு அதைத்தான் செய்தேன். புதுப் போன் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார், மாமா கொடுத்த போனை மாற்ற மனசு வரவில்லை. ஆனால் மெசேஜை என் நம்பருக்குத் தள்ளிவிடக் கற்றுக்கொண்டார். இப்போது வாரத்துக்கு நாலு ஃபார்வர்டு வருகிறது. மூணு ரீசார்ஜ் விளம்பரம். அதையும் படித்து, "ஒண்ணும் இல்ல அத்தை, விளம்பரம்தான்" என்று போன் பண்ணிச் சொல்கிறேன்.

போன வாரம் வந்த நாலாவது மெசேஜில், மேற்குத் தொடர்ச்சி மலையில் கனமழைக்கு வாய்ப்பு என்று இருந்தது. அத்தையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். "சரிய்யா, பயல உள்ள இருக்கச் சொல்லுதேன்" என்றார்.